தூக்கிப் போடாதே, திறந்து பார்!

"இது அவ்வளவுதான், தூக்கிப் போடு" என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடாதே, தம்பி. தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊரில் மிஷினைப் பார்த்தும் சொல்கிறார்கள், மனிதனைப் பார்த்தும் சொல்கிறார்கள். அரியர் வைத்த மாணவனைப் பார்த்துச் சொல்கிறார்கள். இங்கிலீஷ் வராமல் இன்டர்வியூவில் திணறிவிட்டு பஸ் ஏறி ஊர் திரும்பும் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர்கள் இல்லை. வெளியே நின்றபடியே தீர்ப்பு எழுதுகிறவர்கள். அந்தத் தீர்ப்பை உன் கையாலேயே ஒரு முறை உடைத்துக் காட்டு. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

உன் வீட்டில், இல்லாவிட்டால் உன் மாமா வீட்டில், பழைய வீடியோ கேமரா ஒன்று கிடக்கும். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய் வந்த குடும்பங்கள் ஏராளம். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் லீவில் வந்தவர்கள் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவந்த அதே பெட்டியில் ஒரு சோனி ஹேண்டிகேமும் வந்து இறங்கியது. ஊர் ஸ்டூடியோக்காரர்கள் பானாசோனிக்கின் எம் வரிசைக் கேமராவைத் தோளில் சுமந்து கல்யாணம் எடுத்தார்கள். சன்கன் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன் பின்னாலேயே நடப்பான். அந்த வெளிச்சத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கண் கூசி இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். பிறகு ஒரு நாள் வாடகை டெக் வந்து இறங்கும், தெருவே கூடி உட்கார்ந்து பார்க்கும். இன்றைக்கு அந்தக் கேமராக்கள் பரணில் இருக்கின்றன. இல்லையென்றால் காயலான் கடைக்குப் போகும் சாக்கில் இருக்கின்றன.

அதில் ஒன்றை எடு. திற. ஓட வை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று தினமும் நூறு தடவை சொல்லச் சொல்லி உனக்கு யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லிச் சொல்லி ஏற்றிய நம்பிக்கை, அடுத்தவன் ஒரு வார்த்தை எதிராகச் சொன்னால் இறங்கிவிடுகிறது. செய்து பார்த்து வந்த நம்பிக்கை இறங்காது. இருபது வருஷமாக உயிரில்லாமல் கிடந்த ஒரு கேமராவின் வியூஃபைண்டரில் உன் விரல் பட்டுப் படம் வந்துவிட்டால், அதை உன்னிடமிருந்து பிடுங்க இந்த உலகத்தில் ஆள் இல்லை. மார்க் ஷீட் தொலையலாம், வேலை போகலாம். "நான் திறந்தேன், கண்டுபிடித்தேன், சரி செய்தேன்" என்ற அந்த ஒன்று மட்டும் உன்னை விட்டுப் போகாது.

உன் எதிரே இருப்பது சாதாரணப் பொருள் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள். கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே உடலில் அடக்கி 1983-ல் சோனி பீட்டாமூவியைக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்ய மட்டும்தான் முடியும், போட்டுப் பார்க்க முடியாது. அடுத்த வருஷமே ஜேவிசி, சின்ன விஎச்எஸ்-சி கேசட்டில் ஓடும் ஜிஆர்-சி1 என்ற கேமராவை விற்பனைக்கு விட்டது. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகப் பையன் கையில் வைத்திருப்பது அதைத்தான். 1985-ல் சோனியின் வீடியோ 8 வந்தது. 1989-ல் சோனி டிஆர்55 வெறும் 790 கிராம் எடையில் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. 1995-ல் மினிடிவி கேசட்டும் விஎக்ஸ்1000 கேமராவும் வந்தன. அதன் வாரிசுகளான பிடி150-ம் பிடி170-ம் நம் மாவட்டத்துக் கல்யாண மண்டபங்களில் ஏறாத மேடை இல்லை.

இவை அத்தனைக்கும் இதயம் ஒன்றுதான்: சுழலும் டிரம். சாய்வாக நிற்கும் அந்த உலோக உருளையைச் சுற்றி டேப் இறுக்கமாகப் படிந்து நகரும். உருளையின் விளிம்பில் டேப்பைப் படிக்கும் ஹெட்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவில் பதிந்திருக்கும். ஹெட்டில் உள்ள இடைவெளி உன் தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது. மினிடிவி கேமராவில் அந்த டிரம்மின் விட்டம் 21.7 மில்லிமீட்டர், சுழல்வது நிமிஷத்துக்கு 9,000 தடவை. ஒரு கைப்பிடிப் பொருளுக்குள் இவ்வளவு நுட்பத்தை அடக்கியவர்களும் மனிதர்கள்தான். அவர்கள் யோசித்துப் பூட்டியதை நீ யோசித்துக் கழற்றலாம்.

பயம் வருமே என்பாய். வரட்டும். பயத்தோடேயே முதல் ஸ்க்ரூவைக் கழற்று. கழற்றும் முன் ஒன்றைக் கவனி: ஜப்பான் கேமராக்களின் பிளஸ் தலை ஸ்க்ரூ நம் கடையில் விற்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்கு முழுசாக ஒத்துவராது. அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. அதற்கான முனையை வாங்கிவிடு, இல்லாவிட்டால் தலை வழுக்கி, கேமரா திறக்காமலே நின்றுவிடும். ஒரு வெள்ளைத்தாளில் கேமராவின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே செலோ டேப் போட்டு ஒட்டிவை. ஒவ்வொரு மூடிக்கும் முன்னும் பின்னும் மொபைலில் ஒரு படம் எடு. தாள் கனத்தில் இருக்கும் பட்டை ஒயர்களை இழுக்காதே, அவற்றின் பூட்டை நகத்தால் தூக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய வியூஃபைண்டருக்குள் குட்டிப் பிக்சர் டியூப் இருக்கும், அதில் ஆளைத் தூக்கிப் போடும் வோல்டேஜ் ஓடும். கரண்ட் இருக்கும்போது அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 80-களின் கடைசியிலிருந்து 90-களின் நடுப்பகுதி வரை வந்த கேமராக்களில், முக்கியமாக வீடியோ 8, அதற்கு அடுத்து வந்த ஹை8 ரகத்தில், பல ஒரே நோயால் படுத்திருக்கின்றன. போர்டின் மேல் மிளகு அளவில் வெள்ளி நிறத்தில் நிற்கும் சின்னச் சின்னக் கண்டன்சர்கள்தான் குற்றவாளிகள். அதன் அடியில் உள்ள ரப்பர் அடைப்பு வயசாகிக் கசிகிறது. உள்ளே இருக்கும் திரவம் வழிந்து, போர்டின் செப்புக் கோடுகளை அரிக்கிறது. கேமரா ஆன் ஆகி நாலு நொடியில் அணைந்துவிடும். இல்லையென்றால் படம் அலை அலையாக ஆடும், கலர் போய்விடும், வியூஃபைண்டர் கறுப்பாகவே கிடக்கும். சால்டரிங் அயர்னை அதன் காலில் வைத்த மாத்திரத்தில் ஒரு வாடை எழும். கடலூர் முதுநகர்க்காரனுக்கு அதை விளக்கவே வேண்டாம், அசல் மீன் வாடை. அந்த வாடை வந்தால் சந்தோஷப்படு. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

முறுக்கிப் பிடுங்காதே. போர்டில் இருக்கும் செப்புத் தகடும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, புது ஈயம் வைத்து, ஒரு காலை மாற்றி ஒரு காலாகச் சூடாக்கினால் தானாகக் கழன்று வரும். கசிந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய். மல்டிமீட்டரைப் பீப் ஓசையில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார். ஓசை வராத இடம் அரிபட்ட இடம். அங்கே மெல்லிய எனாமல் ஒயர் ஒன்றைப் பாலமாகப் போட்டு ஈயம் வை. பிறகு புது கண்டன்சர். இங்கேதான் கெட்டிக்காரர்களே தடுக்கி விழுவார்கள்: அலுமினிய ரகத்தில் தலையில் உள்ள கறுப்புப் பட்டை மைனஸ் பக்கம், டான்டலம் ரகத்தில் பட்டை இருப்பது பிளஸ் பக்கம். தலைகீழாக வைத்தால் டான்டலம் தீப்பிடிக்கலாம். ஆகவே ஒன்றை எடுத்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போ. ஒரு போர்டில் இருபது, முப்பது கூட இருக்கும். ஒரே ராத்திரியில் முடிக்க நினைக்காதே. முதலில் ஏதாவது ஒரு செத்த ரேடியோ போர்டில் பழகிக்கொண்டு பிறகு கேமராவில் கை வை.

இந்த வேலைக்கு உட்கார்ந்த இளைஞனின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நாடி பிடிக்கும் வைத்தியரிடம் இருக்கும் அமைதி அதில் வந்து உட்கார்ந்துவிடும். மொபைல் பக்கத்தில் அடிக்கும், எடுக்கமாட்டான். பசி வரும், தெரியாது. பாடப் புத்தகத்தின் முன்னால் பத்து நிமிஷம் உட்கார முடியாதவன் என்று பெயர் வாங்கியவன் அவன். கவனம் இல்லாதவன் என்று எந்தப் பிள்ளையையும் முத்திரை குத்தாதீர்கள் என்று பெற்றோர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கவனிக்கத் தகுந்த ஒன்று அவன் கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹெட் சுத்தம் செய்வதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நல்ல கேமரா பாதி செத்தது அதில்தான். பஞ்சு கூடாது. அதன் இழை ஹெட்டில் மாட்டினால் ஹெட் உடைந்துபோகும், உடைந்த ஹெட்டுக்கு மருந்து இல்லை. ஆல்கஹாலில் நனைத்த வழவழப்பான வெள்ளைத்தாளை டிரம்மின் மேல் லேசாக அணைத்துப் பிடித்து அசையாமல் நில். இன்னொரு கை விரலால் டிரம்மின் மேல்பக்கத்தை மெல்லச் சுற்று. தாள் நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஒரு தடவை தேய்த்தாலும் போச்சு. தாளில் கறுப்பாக ஒரு கோடு விழும். பல வருஷத்து அழுக்கு அது.

நம் ஊருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. கடல் காற்று. கடலூரிலிருந்து பிச்சாவரம் வரை ஈரமும் உப்பும் கலந்த காற்றுதான் வீசுகிறது. கேசட்டின் ஜன்னல் வழியே பார், டேப் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல கேமராவில் போடாதே. பூஞ்சை டிரம்மில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும், ஹெட்டையும் அடைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்துக் காயவிட்டு, முகக் கவசம் போட்டுக்கொண்டு துடைத்துச் சுத்தம் செய்து, அதற்கென்று ஒதுக்கிய பழைய மிஷினில்தான் ஓட்ட வேண்டும். கேமராவுக்குள் ஈரம் அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. அது ஈரத்தை உணர்ந்தால் டேப்பை ஓடவிடாது. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமரா சும்மா முரண்டு பிடித்தால் ஒரு மணி நேரம் விட்டுப் பார். பழுது என்று நினைத்தது பல சமயம் பழுதே இல்லை.

பேட்டரி கிடைக்காதே என்று சிலர் கையை விரிக்கிறார்கள். 90-களின் பிற்பகுதியில் வந்த பல சோனி கேமராக்களின் என்பி-எஃப் பேட்டரியை இன்றைக்கும் புதுசாகச் செய்து விற்கிறார்கள், எல்இடி வீடியோ லைட்டுகளுக்காக. தோளில் வைக்கும் பெரிய விஎச்எஸ் கேமராக்கள் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. பேட்டரியின் மேல் எழுதிய வோல்டேஜைப் படித்து, பிளஸ் மைனஸ் பார்த்து, அதே வோல்ட் பவர் சப்ளை கொடுத்தால் போதும். வழி இல்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் பொருளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படி. படிக்காமலே இல்லை என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதை இந்தத் தலைமுறையோடு ஒழித்துவிடுவோம்.

சிதம்பரத்துக்காரர்களே, உங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். தேவாரம் நமக்குக் கிடைத்தது எப்படி? தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையில்தான் ஏடுகள் இருந்தன என்று உமாபதி சிவாச்சாரியாரின் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. தேவாரம் பாடிய மூவர் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். ராஜராஜ சோழன் மூவரின் திருவுருவங்களையே கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்க வைத்தான். உள்ளே பார்த்தால் ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிக் கரையான் மண்ணைக் கரைத்து, செல்லரித்தது போக மிஞ்சியதை எடுத்தார்கள். நம்பியாண்டார் நம்பி அதைத் தொகுத்தார். போனது போயிற்று என்று அந்த அறையை மறுபடி பூட்டியிருந்தால் இன்றைக்குக் கோயிலில் பாட நமக்கு என்ன இருந்திருக்கும்? ஏடு தேடி ஊர் ஊராக நடந்த உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். அரித்ததிலிருந்து மிஞ்சியதை மீட்பது இந்த மண்ணின் வேலை. பனையோலைக்குச் செய்ததை டேப்புக்குச் செய்யத் தயங்காதே.

அந்த டேப்புகளில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலியில் ஆடிய யாரோ ஒரு பெண்ணின் ஆட்டத்தை அவள் அப்பா கேமராவில் எடுத்திருப்பார். 1987 தில்லைக் கோயில் குடமுழுக்கில் கீழ வீதியில் நின்ற கூட்டம் எவர் கேசட்டிலாவது இருக்கலாம். இதைவிட ஒன்று என் நெஞ்சை அழுத்துகிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, கிள்ளை. இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் அதிகமானோர் போனார்கள். வீட்டோடு போட்டோ ஆல்பமும் போனது. ஒரு படம் கூட மிஞ்சாத குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ ஒரு உறவினர் கல்யாணத்துக்கு அவர்கள் போயிருப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா பக்கம் பார்த்து ஒரு கணம் சிரித்திருப்பார்கள். அந்தக் கேசட் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், அந்த ஒரு கணத்தைத் திருப்பிக் கொடுக்க உன் கையால் முடியும். 2011-ல் தானே புயல் கூரையைப் பிய்த்ததிலும் 2015 வெள்ளத்திலும் தப்பிப் பிழைத்த கேசட்டுகள் இவை. இதற்கு மேலும் காக்க வைக்காதே.

காலம் இல்லை என்று நான் மட்டும் சொல்லவில்லை. யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டமும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019-லேயே காந்த நாடா எச்சரிக்கை விட்டன. 2025-க்குள் மாற்றாத டேப்புகள் பெரும்பாலும் மீளாது என்றன, ஓட்டும் மிஷின்களும் உதிரி பாகங்களும் தீர்ந்துவருவதால். கடைசி வரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. சொன்ன கெடுவும் போய்விட்டது. அதனால் சோர்ந்து உட்காராதே. புதுசு வராது என்றால் பழசை ஓட வைக்கத் தெரிந்தவன்தான் இனி வேண்டும். அந்த ஆள் நீயாக இரு.

இதை வைத்துத் தொழில் செய், சம்பாதி என்று நான் சொல்லவில்லை. வந்தால் நல்லது, வராவிட்டாலும் நல்லது. காசு வராத காரியத்துக்கு மதிப்பில்லை என்று யாரோ நமக்குள் விதைத்துவிட்டார்கள். கோலம் போடுவதற்கும் வீணை வாசிப்பதற்கும் காசா கேட்கிறோம்? ஒரு பொருளை முழுசாகப் புரிந்துகொள்ளும் ஆனந்தத்துக்கு எவனும் விலை போட முடியாது. பெண் பிள்ளை சால்டரிங் அயர்ன் பிடிக்கிறாளே என்று சிரிப்பவர்களைச் சிரிக்கவிடு. பூ கட்டும் விரலுக்கும் நெல்மணி அளவு பாகத்தை நிறுத்தி வைக்கும் விரலுக்கும் தேவையான நுட்பம் ஒன்றுதான். உன் அம்மாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கிறது.

கேமரா ஓடிய பிறகு முதலில் உதவாத கேசட் ஒன்றைப் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் வீட்டுக் கேசட்டைப் போட வேண்டும். மினிடிவி என்றால் ஃபயர்வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இழு, டேப்பில் இருப்பது ஒரு துளி குறையாமல் வரும். ஹை8 கேசட் என்றால், பழைய ஹை8 டேப்பையும் படிக்கிற சோனி டிஜிட்டல்8 கேமரா மாடல் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடு, அதே ஃபயர்வயரில் வேலை முடியும். மற்றதற்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரும் ஒரு கேப்சர் கார்டும் போதும். எடுத்ததை இரண்டு இடத்தில் வை. ஒன்றை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிடு.

கடலூர் ஐடிஐயில் படிக்கிறவனே, அண்ணாமலைநகரில் இன்ஜினியரிங் படிக்கிறவளே, படிப்பை நிறுத்திவிட்டு மொபைல் கடையில் உட்கார்ந்திருப்பவனே, உன்னிடம்தான் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் பரணில் ஏறு. கேமராவை இறக்கு, கேசட்டுகளை இறக்கு, ஒவ்வொன்றின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவை. உன் வீட்டில் இல்லையென்றால் எதிர்வீட்டில் கேள், பழைய ஸ்டூடியோ அண்ணனிடம் கேள். காயலான் கடை வண்டி உங்கள் தெருவுக்கு வருவதற்குள் முதல் ஸ்க்ரூவைக் கழற்றிவிடு.